யாரும் மதிக்காத பழைய பிஎம்எக்ஸ்: தேடி வாங்கி ஓடவைக்க ஒரு வழிகாட்டி

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் கராஜ் விற்பனை. புல்வெட்டும் மெஷினுக்கும் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கும் நடுவே அந்த சைக்கிள் சாய்ந்து நின்றது. 20 டாலர் என்று காகித டேப்பில் எழுதி சீட்டில் ஒட்டியிருந்தார்கள். டயர் இரண்டும் காய்ந்து வெடித்திருந்தன. செயின் துருவேறி ஒரே கம்பிபோல இறுகிக் கிடந்தது. ஷ்வின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்க்ராம்ப்ளர் மாடல். பிஎம்எக்ஸ், அதாவது மண்பாதைப் பந்தயத்துக்கு என்று வந்த சின்னச் சக்கர சைக்கிள்கள், சேகரிக்கும் பலர் இதை நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள். கனம் அதிகம், பந்தயப் புகழ் கிடையாது.

நான் குனிந்து, முன்கழுத்தில் இருந்த உலோக வில்லையைத் துடைத்தேன். 1928 என்று நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அது ஆண்டு இல்லை. 1970களின் பிற்பாதியிலிருந்து ஷ்வின் இப்படித்தான் குத்தியது: முதல் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி எண். 192ஆவது நாள், 8இல் முடியும் ஆண்டு. அதாவது 1978 ஜூலை 11. விற்ற பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அந்த வில்லையைத் தன் கட்டைவிரலால் இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். "அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் என் பையனுக்கு வாங்கினேன்" என்றார்.

பழைய பிஎம்எக்ஸில் ஆர்வம் வந்து, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மாதிரி வண்டியைத்தான். பெயர் பெற்ற வண்டிகளின் விலை எப்போதோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அன்று பெரும்பாலான பிள்ளைகள் உண்மையில் ஓட்டிய வண்டிகள் இன்னும் கராஜ்களிலும் குப்பையோரங்களிலும் கிடக்கின்றன. அவற்றில் சில மிக நல்ல வண்டிகள். எது நல்லது என்று இரும்பைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் வேலை.

புகழ் எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோட முடியும்.

1963இல் ஷ்வின் நிறுவனம் ஸ்டிங்ரே என்ற 20 அங்குலச் சக்கர சைக்கிளை விற்கத் தொடங்கியது. கொம்புபோல உயர்ந்த ஹேண்டில்பார், வாழைப்பழம் மாதிரி நீண்ட சீட். தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் மோட்டோகிராஸ் என்ற மண்பாதை மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்து, இதே சைக்கிளை மண்மேட்டில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். 1970இல் லாங் பீச்சில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற 13 வயதுப் பையன் ஒரு காலி மனையில் பந்தயமே நடத்தினான். அவனே வளர்ந்து 1977இல் எஸ்.இ. ரேசிங் கம்பெனியைத் தொடங்கினான். பி.கே. ரிப்பர் என்ற அலுமினிய ஃப்ரேம் அங்கிருந்து வந்ததுதான். பெர்ரி கிரேமர் என்ற பந்தய வீரரின் பெயரெழுத்துதான் அந்த 'பி.கே.'

மற்றப் பெரிய பெயர்களின் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். தாவிக் குதித்தால் ஸ்போக் சக்கரம் கோணிப்போகிறது என்று ஸ்கிப் ஹெஸ் 1974இல் மோட்டோமேக் என்ற வார்ப்புச் சக்கரத்தைச் செய்தார். அதிலிருந்து மங்கூஸ் பிறந்தது. டிராக் ரேஸ் கார்களுக்கு வெல்டிங் செய்துகொண்டிருந்த கேரி டர்னர் தன் மகனுக்காக ஒரு ஃப்ரேம் பற்றவைத்தார். பிற்பாடு அது ஜி.டி. ஆனது. லின் காஸ்டனின் ரெட்லைன், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் குழாயால் செய்து பெயர் வாங்கியது. பாப் ஹாரோ முதலில் விற்றது வண்டியின் முன்னால் மாட்டும் எண் தகடுகளை.

இவர்கள் எல்லாரும் நல்ல வண்டி செய்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்திரிகைப் படங்களில் வந்ததும், சம்பளம் வாங்கிய வீரர்களைக் களத்தில் இறக்கியதும் இவர்கள்தான். அன்று பத்து வயதில் அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டியவர்கள் ஐம்பது வயதில் கையில் காசோடு வந்து வாங்குகிறார்கள். விலை ஏறியதற்கு அதுதான் பெரிய காரணம்.

இன்னொரு பக்கம் ஒஹாயோவின் ஹஃபி, டென்னசியின் மர்ரே, பென்சில்வேனியாவின் ராஸ், சிகாகோவின் ஷ்வின். பெரிய பெரிய தொழிற்சாலைகள். ஹஃபியும் மர்ரேயும் பெருங்கடைகளில் துணிமணி, அடுப்பு, டி.வி.யோடு சேர்த்து விற்கப்பட்டன. அதனால் 'கடைச் சரக்கு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு சங்கதி சொல்கிறேன்: ரெட்லைன் வண்டியில் பேரும் புகழும் சம்பாதித்த ஸ்டூ தாம்சன் 1980களின் நடுவில் ஹஃபி அணிக்குத்தான் ஓட்டினார். கடையில் தொங்கிய ஹஃபியைத்தான் அவர் ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் கம்பெனி பந்தயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இது போதும்.

எந்த வண்டிகளைத் தேடலாம்

'ஓல்ட் ஸ்கூல்' (பழைய பள்ளி) என்று இந்த வட்டாரத்தில் சொல்வது, தோராயமாக 1970களின் நடுவிலிருந்து 1980களின் பிற்பாதி வரை வந்த வண்டிகளை.

என் விருப்பத்தில் முதல் இடம் ஷ்வினுக்கு. ஸ்க்ராம்ப்ளர் சிகாகோவில் செய்தது. கழுத்தில் வெல்டிங் கோடே தெரியாமல், மண் பூசி வழித்த மாதிரி வழவழப்பாக இருக்கும். தகட்டை அழுத்தி வடிவம் கொடுத்து மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் அவர்களின் முறை அது. கனம்தான், ஆனால் சீக்கிரத்தில் முறியாது. சிகாகோ தொழிற்சாலையில் 1980இல் வேலைநிறுத்தம் நடந்தது, அடுத்த சில ஆண்டுகளில் அங்கே உற்பத்தியே நின்றது. அதற்குப் பின் வந்த ஷ்வின் பிரெடேட்டர் வரிசை முற்றிலும் வேறு மாதிரி, பந்தயத்துக்கு நெருக்கமானது. அதையும் பலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கட்டும், நமக்கு நல்லது.

அடுத்தது, பெரிய பெயர்களின் சின்ன மாடல்கள். டைமண்ட் பேக்கில் ஹாரி லியரி டர்போவை எல்லாரும் துரத்துவார்கள், வைப்பரை விட்டுவிடுவார்கள். மங்கூஸில் சூப்பர்கூஸுக்கு அடிதடி, கலிஃபோர்னியன் அமைதியாக நிற்கும். ஹாரோவில் மாஸ்டர் கைக்கு எட்டாது, ஸ்போர்ட் சில நேரம் எட்டும். இன்றைக்கு மங்கூஸ் பெயரில் பெருங்கடைகளில் மலிவு வண்டிகள் விற்பதால், விவரம் தெரியாதவர்கள் பழைய மங்கூஸையும் அதே விலைக்குத் தள்ளிவிடுவது உண்டு. கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

ராஸ் பிரானா, மர்ரே எக்ஸ்20, ஹஃபி ப்ரோ தண்டர், வட்டத்தட்டு மாதிரி பிளாஸ்டிக் சக்கரம் போட்ட ஹஃபி சிக்மா ஆகியவையும் பார்க்கத் தகுந்தவை. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நாட்டிங்ஹாமில் 1982 முதல் வந்த ராலே பர்னர். அங்கே அதற்கு மரியாதை உண்டு என்றாலும் சாதாரண பர்னர்கள் இன்னும் வாங்கும் நிலையில் இருக்கும். ஜப்பானின் குவஹாரா என்றால் 1982இல் வந்த 'ஈ.டி.' படத்து வண்டி என்று விலை சொல்வார்கள். முதல் வண்டிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலிவு வண்டிகளில் நிஜமாகவே மட்டமானவையும் ஏராளம். தகரத்தை மடித்த மாதிரி பின் சக்கரக் கொக்கி, காகிதம் மாதிரி ரிம். 'யாரும் மதிக்காதது' எல்லாமே மாணிக்கம் கிடையாது. அதனால்தான் அடுத்த பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

வண்டியின் முன் நிற்கும்போது: பத்து நிமிடச் சோதனை

கையில் மூன்று பொருள் போதும்: ஒரு ஈரத்துணி, சின்ன டார்ச், ஒரு காந்தம்.

முதலில் ஃப்ரேமின் கழுத்து. ஹேண்டில்பார் நுழையும் குட்டைக் குழாய்க்குப் பின்னால், மேல் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடம். கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். சுவரிலோ காரிலோ முட்டிய வண்டியாக இருந்தால், கழுத்திலிருந்து ஓரிரு அங்குலத்தில் ஒரு சின்னப் புடைப்பு விரலில் தட்டும். கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். அதே இடத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்து, உள்ளேயிருந்து துரு கசிந்தால் அது விரிசலாக இருக்கலாம். புடைப்பு, விரிசல் இரண்டில் எது இருந்தாலும் சவாரிக்கு அந்த ஃப்ரேம் வேண்டாம்.

அடுத்து ஃபோர்க். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்துக் குழாயின் கோடு அப்படியே ஃபோர்க் கால்களின் மேற்பகுதி வரை நேராக இறங்க வேண்டும். கால் பின்னோக்கி ஃப்ரேம் பக்கம் சாய்ந்திருந்தால் அடி வாங்கியது. ஃபோர்க் மாற்றலாம், ஆனால் அடிபட்ட ஃபோர்க் இருந்தால் கழுத்தை இன்னொரு முறை தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, பின் சக்கர அச்சு உட்காரும் கொக்கித் தகடு. நல்ல ஃப்ரேமில் அது தடித்த தட்டாக, சுற்றிலும் நிறைவாகப் பற்றவைத்திருக்கும். மட்டமானதில் குழாயின் நுனியையே நசுக்கித் தகடாக்கியிருப்பார்கள். இந்த ஓர் இடம் செய்தவனின் மனசைக் காட்டிவிடும்.

நான்காவது, என்ன இரும்பு என்ற கேள்வி. உயர்ந்த ஃப்ரேம்கள் குரோமோலி என்ற எஃகால் ஆனவை, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. ஸ்டிக்கரில் 4130 என்று இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் கார்பன் அளவு: 0.30 சதவீதம். உறுதி அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லிதாக்கி எடையைக் குறைக்கலாம். சாதாரண எஃகில் அதே உறுதிக்குச் சுவர் தடிமனாக வேண்டும், அதனால்தான் கனம். ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். முழுதும் குரோமோலி என்பதும், மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் குரோமோலி என்பதும், கீழ்க் குழாய் ஒன்று மட்டும் என்பதும் வெவ்வேறு. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் விரல் கணுவால் குழாயைத் தட்டுங்கள். மெல்லிய சுவர் கணீரென்று ஒலிக்கும், தடித்தது மொத்தென்று ஒலிக்கும். இது தடயம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் இருபது வண்டிகளைத் தட்டிப் பார்த்த பிறகு காது பழகிவிடும். காந்தம் எதற்கென்றால், ஒட்டாவிட்டால் அந்தப் பாகம் அலுமினியம் என்று உடனே தெரிந்துகொள்ள.

ஐந்தாவது, பாகங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மலிவு ஃப்ரேமிலும் அந்தக் காலத்து நல்ல ஜப்பான் சாமான் மாட்டியிருக்கலாம். ரிம்மில் அராயா அல்லது உகாய், பிரேக்கில் டயா-கோம்பே, கிராங்கில் (பெடல் மாட்டும் கைகளில்) சுகினோ அல்லது டகாகி, பெடலில் எம்.கே.எஸ். அல்லது கே.கே.டி., ஃபோர்க்கில் டாங்கே என்ற பெயர்களைத் துணியால் துடைத்துத் தேடுங்கள். ஷிமானோ பாகமாக இருந்தால் இரண்டு ஆங்கில எழுத்துகள் சின்னதாகக் குத்தியிருக்கும். முதலாவது ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே போகும். ஆக, 'இ.சி.' என்றால் 1980 மார்ச். ஒரே வண்டியில் இரண்டு மூன்று பாகங்களின் தேதி ஒன்றுக்கொன்று சில மாத இடைவெளிக்குள் இருந்தால், அது பெரும்பாலும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி. ஒன்று 1979, ஒன்று 1986 என்றால் யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

ஃப்ரேமின் வரிசை எண் பொதுவாக கிராங்க் குழாயின் அடியிலோ பின் கொக்கித் தகட்டிலோ இருக்கும். சிகாகோ ஷ்வினில் கழுத்தில் இருக்கும்: முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு, 1965ஐ ஏ என்று வைத்து எண்ணத் தொடங்க வேண்டும். வில்லையின் தேதி வண்டியைப் பூட்டிய நாள் என்பதால் ஃப்ரேமின் தேதி கொஞ்சம் முந்தியிருப்பது சகஜம்.

கடைசியாக, சீட் தண்டும் ஹேண்டில்பார் தண்டும் அசைகின்றனவா என்று பாருங்கள். பல வருஷம் கிரீஸ் இல்லாமல் இறுகிய தண்டு, வாங்கிய பிறகு ஒரு வாரத்தைத் தின்னும்.

விலை பேசுவது

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்குத்தான் போடுகிறேன். டயர், ட்யூப், செயின், பிரேக் கேபிள், கட்டை, பால்ரஸ், கிரிப் எல்லாம் புதிதாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவை முதலில் கூட்டிவிடுவேன். அப்புறம் மிச்சமிருப்பதுதான் வண்டிக்கு நான் தரக்கூடியது. 'ரொம்ப அபூர்வம்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். யாருக்கும் வேண்டாதது என்பதாலும் ஒரு பொருள் அபூர்வமாக இருக்கலாம்.

விற்பவர் அந்த வண்டியோடு வளர்ந்தவராக இருந்தால் அடித்துப் பேசாதீர்கள். கதையைக் கேளுங்கள். எங்கே வாங்கினார், யார் ஓட்டினார்கள், பழைய எண் தகடு, ஃப்ரேம் குழாயில் சுற்றும் பேட் உறை எதாவது பரணில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதால்தான் எனக்கு ஸ்க்ராம்ப்ளரின் அசல் கிரிப் கிடைத்தது. ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

பெயர் பெற்ற வண்டி ஒன்று நம்ப முடியாத விலைக்கு வந்தால், அது மறுபதிப்பா என்று பாருங்கள். எஸ்.இ., ஹாரோ, ஜி.டி., மங்கூஸ் எல்லாருமே பழைய மாடல்களை மறுபடி செய்து விற்றிருக்கிறார்கள். நல்ல வண்டிகள்தான், ஓட்டத் தாராளமாக வாங்கலாம். 1982 என்று நினைத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிரித்து மாட்டுவது

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. நான்கு பக்கமும், ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் படத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு பாகத்தின் நட்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

ஹேண்டில்பார் தண்டின் மேலுள்ள போல்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டாம். நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியால் ஒரு தட்டு. உள்ளே ஆப்பு இறங்கி, தண்டு விடுபடும். அமெரிக்க பிஎம்எக்ஸில் இந்தத் தண்டின் விட்டம் பொதுவாக 21.1 மி.மீ. மற்றச் சாதாரண சைக்கிள்களில் 22.2 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று அடித்து இறக்கினால் ஃபோர்க் பிளந்துவிடும்.

இப்போது கிராங்க். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே இரும்புத் தண்டு வலது கையிலிருந்து இடது கை வரை வளைந்து போகும் ஒற்றைத் துண்டு கிராங்க்தான் இருக்கும். பார்க்க முரடு. ஆனால் ஒரு பெரிய ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் சமையலறை மேஜையிலேயே பிரித்துவிடலாம். வண்டியின் இடது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இங்கே எல்லாமே இடது மறை, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். முதலில் இடது பெடல், அடுத்து பெரிய நட்டு, அதன் கீழே பல் வைத்த வாஷர், அதற்கும் கீழே, பால்ரஸை அழுத்திப் பிடிக்கும், காடி வெட்டிய கோன். கோனின் காடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்லத் தட்டினால் சுழன்று வரும். இந்த இடது மறை விஷயம் தெரியாமல் என் முதல் வண்டியில் நீளக் குழாய் மாட்டி எதிர்த் திசையில் முழு பலத்தோடு இழுத்தேன். மறை உரிந்து கிராங்கே வீணாகிவிட்டது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கோன் வந்ததும் இடது பால்ரஸ் கூடு வெளியே வரும். பிறகு கிராங்கை வலது பக்கமாகச் சாய்த்து, வளைவுகளை ஓட்டையில் நெளித்து நெளித்து எடுக்க வேண்டும். பல் சக்கரம் அதோடேயே வரும். உள்ளே நாற்பது வருஷத்து கிரீஸ் பனங்கருப்பட்டி மாதிரி கறுத்து இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பால்ரஸ் உட்காரும் கிண்ணங்களைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் கண்ணாடி மாதிரி மின்னினால் நல்லது. குழிகுழியாக இருந்தால் கிண்ணத்தை மாற்றுங்கள். பால்ரஸ் கூட்டை எப்படியும் புதிதாகப் போடுங்கள், காசு குறைவுதான்.

ஷ்வின் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஷ்வின் கிராங்கில் அங்குலத்துக்கு 28 மறை, மற்ற கம்பெனி கிராங்குகளில் 24. கோனும் நட்டும் ஒன்றுக்கொன்று சேராது. கடையில் 'எல்லாம் ஒன்றுதான்' என்று தந்தாலும் கையால் திருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது புது கிரீஸை தாராளமாக அப்புங்கள். கோனைக் கையால் இறுகும் வரை திருகி, கொஞ்சமே கொஞ்சம் பின்வாங்கி, நட்டைப் பூட்டுங்கள். கிராங்கைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சுழற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து வர எனக்கு இன்னும் மூன்று நான்கு முயற்சி பிடிக்கிறது.

பெடல் வாங்கும்போது ஒற்றைத் துண்டு கிராங்குக்கு அரை அங்குல மறை, மூன்று துண்டு கிராங்குக்கு 9/16 அங்குலம். சீட் தண்டை வெர்னியர் அளவுகோலால் அளந்தே வாங்குங்கள். 22.2, 25.4 மி.மீ. அதிகம் தென்படும், வேறு அளவுகளும் உண்டு.

துருவும் பெயிண்ட்டும்

பெயிண்ட் அடிக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். அசல் பெயிண்ட், உரிந்திருந்தாலும் கீறியிருந்தாலும், ஒரே ஒரு முறைதான் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கார் மெழுகு போட்டுப் பாருங்கள். பாதி வண்டிகள் அதிலேயே முகம் தெளிந்துவிடும்.

குரோம் மேல் படிந்த துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. பழுப்புக் கூழாகத் துரு இறங்கும். துணியால் துடைத்தால் கீழே வெள்ளி வெளிச்சம். உப்புத்தாளும் இரும்பு நாரும் வேண்டாம். சில பழைய ஃப்ரேம்களில் இருப்பது குரோம் இல்லை, நிக்கல் முலாம். குரோமில் இலேசான நீலம் ஓடும், நிக்கலில் வெதுவெதுப்பான மஞ்சள் தெரியும். நிக்கல் இன்னும் மென்மை, அதில் மெழுகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நட்டு, போல்ட் மாதிரிச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். அது நச்சு. கையுறை, கண் கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எடுத்ததும் கழுவி உடனே எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இரவில் மறுபடி சிவக்கும்.

டயர் அளவில் ஏமாறாதீர்கள்

20 அங்குலம் என்று எழுதிய எல்லாச் சக்கரமும் ஒரே அளவு கிடையாது. 20 × 1.75, 20 × 2.125 என்று தசமத்தில் எழுதியிருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 406 மி.மீ. பெரும்பாலான பிஎம்எக்ஸ் இதுதான். 20 × 1 3/8 என்று பின்னத்தில் இருந்தால் 451. சின்னப் பிள்ளைகளின் இலேசான பந்தய வண்டிகளில் இந்த ஒல்லிச் சக்கரம் வரும். ஷ்வினின் சில பழைய சக்கரங்களில் 20 × 1 3/4 என்று இருக்கும், அது 419. கணக்குப்படி 1 3/4உம் 1.75உம் ஒன்று, டயரில் வேறு வேறு. பழைய டயரின் பக்கவாட்டைப் படிக்காமல் புது டயருக்குக் காசு கட்டாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன்

பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருக்கும் வண்டியில், இடது பக்கம் அச்சிலிருந்து ஒரு தட்டைக் கை நீண்டு ஃப்ரேமோடு பட்டையால் பூட்டியிருக்கும். அந்தப் பட்டையும் அதன் போல்ட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாமல் பிரேக் பிடித்தால் கை சுழன்று, அச்சே முறுக்கிக்கொள்ளும்.

ஸ்கைவே டஃப் மாதிரி நைலான் சக்கரம் இருந்தால், நடு மையத்தைச் சுற்றியும் கம்பிகள் கிளைக்கும் இடத்திலும் மயிரிழை வெடிப்பைத் தேடுங்கள். அவற்றுக்கு என்றே செய்த பிரேக் கட்டை போடுங்கள், சாதாரண ரப்பர் வழுக்கும். பழைய அலுமினியத் தண்டையும் ஹேண்டில்பாரையும் அலமாரியில் வைத்துவிட்டு, ஓட்டும்போது புதிதை மாட்டுங்கள். அலுமினியம் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

பெரியவர்கள் ஓட்டுவதற்கு 20 அங்குலப் பழைய ஃப்ரேம் குட்டைதான். தெருவைச் சுற்றி வரலாம், தூரம் போனால் முட்டி வலிக்கும். தினமும் ஓட்ட ஆசைப்பட்டால் மங்கூஸ் டூ-ஃபோர் மாதிரி 24 அங்குல வண்டியைத் தேடுங்கள். 44 பல் முன்னால், 16 பல் பின்னால் என்பது அன்றைய வழக்கமான கணக்கு. ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுச் சுற்றும். சமதளத்தில் சுகமாக இருக்கும்.

என் ஸ்க்ராம்ப்ளர் ஆறு வார இறுதிகளில் ஓடும் நிலைக்கு வந்தது. முதல் பத்து மைல் முடிந்ததும் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். புது கிரீஸும் புது பால்ரஸும் பதிந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். என் வண்டியில் கிராங்கின் இடது நட்டு கால் சுற்று விட்டிருந்தது. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பி இறுக்கினேன். அதற்குப் பிறகு இதுவரை அசையவில்லை.